தாவாவிலிருந்து வந்த கிதார்

நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
12 பிப்ரவரி 1960

இல்லை, அண்ணே. தம்பி மருது இன்னும் உங்களோடு சமாதானமாகவில்லை.

நலம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன். சுகமாக இருக்கிறீர்களா? அம்மா சுகம். காலையில் மட்டும் முழங்கால் வலி. நான் சுகம். தம்பி சுகம் என்று அவன் வாயால் சொல்ல மாட்டான். மூன்று வேளையும் சாப்பிடுகிறான்.

நீங்கள் கப்பலேறி ஐந்து மாதம். பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய வரைபடத்தை விரித்து, தாவாவ் எங்கே என்று தேடினேன். போர்னியோவின் கிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளி. என் சுண்டு விரல் வைத்தால் மறைந்துவிடுகிறது.

மருது வானொலிப் போட்டிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டான். போட்டி நவம்பர் 19. 'சேது மருது சகோதரர்கள்' என்று பெயர். இசை வகை என்ற இடத்தில் ஹவாய், கௌபாய், தெம்மாங்கு என்று எழுதியிருக்கிறான். அங்கிருந்தவர், "ஏதாச்சும் ஒன்னு சொல்லு தம்பி" என்றாராம். "ஒன்னுதான் சார், மூணும் சேந்து ஒன்னு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

செப்டம்பரில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவீர்கள் என்று நம்பித்தான் இரண்டு பெயரும் போட்டிருக்கிறான். அதுவரை தனியாகப் பழக, உங்கள் கிதாரின் சுருதி வேண்டுமாம். எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துகிறீர்கள் என்று எழுதி அனுப்பச் சொல்கிறான். "வாசிச்சு முடிச்சதும் எல்லாக் கம்பியையும் தொளதொளன்னு விட்டுட்டுத்தான் கீழ வைப்பாரு. கூடப் பொறந்தவன்கிட்டயே. நான் என்ன திருடனா, அக்கா?" இதை நான் மெருகேற்றவில்லை. அவன் சொன்னபடியே.

உங்கள் கடிதங்களை அம்மாவுக்கு நான்தான் உரக்க வாசிக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
மங்களம்


தாவாவ், வட போர்னியோ
6 மார்ச் 1960

அன்புள்ள மங்களம்,

உன் கடிதம் பதினாறு நாள் பயணம் செய்து வந்து சேர்ந்தது. நான் நலம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா, அல்லது தேய்த்தேன் என்று சொல்கிறாளா?

ஆற்றில் மிதந்து வரும் மரங்களை அளந்து குறிப்பது என் வேலை. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவ வேண்டும். முதல் மாதம் மூன்று தடவை தண்ணீரில் விழுந்தேன். இப்போது முதலைக்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. (இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காதே.)

மாலையில் வாசிக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், கிரேன் ஓட்டுகிறவர், மௌத் ஆர்கன் ஊதுவார். அம்மா மாவாட்டும்போது பாடுகிற தெம்மாங்கைக் குதிரை நடையில் போட்டுப் பார்த்தேன். கட்டை விரல் குதிரை. மற்ற விரல்கள் அம்மா. நன்றாக வந்திருக்கிறது. மருது பாடினால் இன்னும் நன்றாக வரும்.

சுருதி விஷயம். கியோனியை உனக்கு நினைவிருக்கும். காலை முறித்துக்கொண்டு துறைமுக விடுதியில் மூன்று மாதம் கிடந்த ஹவாய் மாலுமி. அவர்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சுருதி உண்டு. வெளியாள் வந்தால் கம்பியைத் தளர்த்தி மறைத்துவிடுவார்கள். தன் வீட்டுச் சுருதியை எனக்குக் கொடுத்தபோது அவன் ஒரு நிபந்தனை வைத்தான். வாயால் சொல்லக் கூடாது. எழுதித் தரக் கூடாது. ஒருவன் காதால் பிடித்துக்கொண்டால் அது அவனுடையது. நான் கை அடித்துக் கொடுத்தேன்.

ஆகவே மருதுவிடம் சொல்: செப்டம்பரில் வருகிறேன். பக்கத்தில் உட்காரட்டும். பாடாமல் உட்காரட்டும்; அவனுக்கு அதுதான் கஷ்டம்.

அனைவருக்கும் என் அன்பு.
சேதுபதி


நாரிஸ் சாலை
2 ஏப்ரல் 1960

பெரியண்ணனுக்கு மருது எழுதுறது.

சுகமா இருக்கீங்களா. இங்க சுகம். அக்கா எழுதுற மாதிரி எனக்கு எழுத வராது, பேசுற மாதிரியே எழுதிடறேன்.

போன வாரம் கேலாங்ல ஒரு கல்யாணம். நானும் கூட்டாளி யூசுப்பும் போனோம். அவன் தேயிலைப் பெட்டில கயிறு கட்டி பாஸ் வாத்தியம் செஞ்சிருக்கான், அருமையா இருக்கு. நான் கௌபாய் தொப்பியெல்லாம் போட்டுகிட்டு தெம்மாங்கு பாடினேன். முன்வரிசைல ஒரு பெரிசு, "ஏன்டா தம்பி, மாட்டைத் தொலைச்சிட்டியா? இங்க வந்து தேடறே?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தப்ப யாரும் சிரிக்கல. உங்க கம்பி கீழே ஓடிகிட்டு இருந்தா நான் என்ன கிறுக்குத்தனம் பண்ணினாலும் அது பாட்டாயிடும். இப்ப மொட்டையா நிக்குது.

நிபந்தனை கினிபந்தனையெல்லாம் அக்கா வாசிச்சுச் சொன்னாங்க. அந்த மாலுமி எங்க இருக்கானோ. அவனுக்குப் பயந்து என்கிட்ட மறைக்கிறீங்க. சரி லா. செப்டம்பர் வாங்க. வராம இருந்துடாதீங்க. அது ஒன்னுதான் கேக்கறேன்.

வெயில்ல சுத்தாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க.

மருதப்பன்


தாவாவ்
19 ஜூன் 1960

அன்புள்ள மங்களம்,

எல்லோரும் நலம்தானே. நான் நலம்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். மழையும் அதிகம். இப்போது என்னை அலுவலகத்துக்குள் மாற்றிவிட்டார்கள். நல்லதுதான். நிழலில் உட்கார்ந்து எழுதும் வேலை.

மேலாளர் ஒப்பந்தத்தை நீட்டச் சொல்கிறார். மூன்று ஆண்டு. இன்னும் பதில் சொல்லவில்லை.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல். உன் பரீட்சை எப்படி?

சேதுபதி


நாரிஸ் சாலை
4 ஜூலை 1960

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? வழக்கமாகக் கேட்கிற கேள்வி. இந்தத் தடவை பதில் வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பிறகு பத்துப் பன்னிரண்டு வரிகள். கிதார் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மருதுவின் பெயர் இல்லை. செப்டம்பர் இல்லை. வரிகள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன. நடுவில் இரண்டு இடத்தில் தாள் நகர்ந்துபோய் எழுத்து இழுபட்டிருக்கிறது. கோடு போடாத தாளிலும் நேராக எழுதுகிறவர் நீங்கள். உங்கள் எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதவே பழகினேன்.

காய்ச்சலா? அங்கே மலேரியா உண்டு என்று படித்தேன். அல்லது யாருடனாவது மனஸ்தாபமா? மரக் கம்பெனியில் ஏதாவது?

அம்மாவுக்கு வாசித்தபோது கடிதம் சீக்கிரம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றாள். நான் இரண்டு வரி சேர்த்தேன். பக்கத்து அறைக்காரர் வீட்டு விருந்தில் நீங்கள் வாசித்தீர்கள் என்றும், எல்லோரும் எழுந்து ஆடினார்கள் என்றும். அம்மா சிரித்தாள். மருது கதவருகே நின்று கேட்டான். பிறகு வெளியே போய்விட்டான். நான் நன்றாகப் பொய் சொல்கிறேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இல்லை.

அம்மா காதில் விழக் கூடாதது ஏதாவது இருந்தால், கீழே தந்திருக்கும் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதுங்கள். புக்கிட் திமா சாலை. அது என் கைக்கு மட்டும் வரும்.

பரீட்சை எழுதினேன். பதில் எழுதுங்கள்.

மங்களம்


தாவாவ்
14 ஆகஸ்ட் 1960
(கோவிந்தசாமி கையில்)

மருது,

நலமா? அம்மா, அக்கா நலமா?

இந்த ஊர் ஈரம் மரத்துக்கு ஆகாது. கிதாரை உனக்கு அனுப்புகிறேன். கொண்டு வருகிறவர் எங்கள் ஆலையில் வேலை செய்கிறார், விடுமுறையில் ஊருக்கு வருகிறார். நல்ல மனிதர். உட்காரவைத்துக் காப்பி கொடு.

பெட்டியை நீயே திற. அவசரப்படாதே. திறந்ததும் பாட ஆரம்பித்துவிடாதே.

சேதுபதி


நாரிஸ் சாலை
28 ஆகஸ்ட் 1960

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமா?

கிதார் வந்து சேர்ந்தது. நான் விரிவுரையில் இருந்தேன். கோவிந்தசாமி காப்பி குடித்துவிட்டு, பெட்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். நான் வரும்போது மருது அறைக்குள் கௌபாய்ப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தான். உங்கள் கிதாரில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வேறு யாருடைய குரலிலோ நீங்கள் பேசுவது போல.

செப்டம்பர் பிறக்க மூன்று நாள்தான் இருக்கிறது. திரும்பி வருகிறவர் எதற்குக் கிதாரை முன்னால் அனுப்ப வேண்டும்? மருது இதைக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து போட்டி பற்றிய பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

மங்களம்


தாவாவ்
16 செப்டம்பர் 1960
(பல்கலைக்கழக முகவரிக்கு)

அன்புள்ள மங்களம்,

நலம். நீ கேட்டவற்றுக்குப் பதில்: மலேரியா இல்லை. யாருடனும் சண்டை இல்லை. கம்பெனி மரியாதையாகத்தான் நடத்துகிறது.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கிதாரில் என் சுருதியைச் சேர்த்து, கம்பிகளைத் தளர்த்தாமல் அப்படியே அனுப்பினேன். முதல் தடவையாக. வாயால் சொல்லவில்லை, எழுதித் தரவில்லை. கியோனிக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் மருது கேட்டானா? பிடித்துக்கொண்டானா?

கேட்டான் என்று ஒரு வரி எழுது. போதும்.

அக்டோபர் கடைசிக்குள் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு ஒன்றும் பெரிதில்லை. மருது தனியாகவே போட்டிக்குப் போகலாம். சுருதி கையில் இருந்தால் அவனுக்கு நான் வேண்டியதில்லை.

நான் இப்போது அதிகம் வாசிப்பதில்லை. நேரமில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம்.
சேதுபதி


நாரிஸ் சாலை
3 அக்டோபர் 1960

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலம். மருது நலமாக இல்லை. நீங்கள் நலமாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்தத் தடவை விசாரிக்க ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நேரமில்லை என்ற இடத்தில் நின்றுபோனேன். சனிக்கிழமை பஸ் பிடித்து புக்கிட் பாஞ்சாங் போனேன். கோவிந்தசாமி வீடு பத்தாவது மைலில், கடைகளுக்குப் பின்னால். வாசலில் பேரனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, சேதுவோட தங்கச்சியா? கிதார் நல்லாருக்கா? கப்பல்ல ஆறு நாளும் மடியிலயே வச்சிருந்தேன். இந்தப் பயலைக்கூட அவ்வளவு நேரம் தூக்கினதில்ல லா."

"அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?"

"பரவால்ல. காயம் ஆறிருச்சு."

எந்தக் காயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார். எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினேன். அவர் தொடர்ந்தார்.

"மே மாசம். நல்ல மழை. கட்டை உருண்டுச்சு, ரெண்டுக்கும் நடுவுல இடது கை மாட்டிகிச்சு. சுண்டு விரலும் மோதிர விரலும் போச்சு. நடு விரல் இருக்கு, மடங்காது. மூணு வாரம் ஆஸ்பத்திரி. அப்பவும் என்ன சொன்னாரு தெரியுமா? 'எழுதற கை இல்ல கோவிந்தசாமி, வீட்டுக்குத் தெரியாது'ன்னாரு."

பேரன் கையை நீட்டியபடி நின்றான். அடுத்த விரலுக்காக.

"நான் பொறப்படறதுக்கு மொத நாளு கூப்பிட்டாரு. நான் கம்பியத் தட்டணும். அவரு தலையச் சாய்ச்சுக் கேட்டுகிட்டே நல்ல கையால முறுக்காணியத் திருகுவாரு. 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை.' எனக்கு எல்லாமே டிங் டிங்குதான். முடிச்சிட்டு, பொட்டிய மூடி, 'வழியில யாரும் ஆணியத் தொடக் கூடாது, என் தம்பி காதுல இது விழணும்'னாரு. தம்பி காதுல விழுந்துச்சா?"

தெரியவில்லை என்றேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

வீட்டில் மருது கூடத்தில் இருந்தான். பெட்டியைத் திறந்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"என்ன செய்வாங்க? கம்பியெல்லாம் தளந்து கெடந்துச்சு. அவரு வழக்கம்தானே. கோவத்துல முறுக்கி, எல்லாரும் வைக்கிற சுருதிக்கு நேராக்கினேன்."

"முறுக்கறதுக்கு முன்னால ஒரு தடவையாவது மீட்டினியா?"

"தளந்த கம்பிய எவனாச்சும் மீட்டுவானா? என்னக்கா கேள்வி இது?"

சொன்னேன். சுருதியை. பிறகு விரல்களை. எந்த வரிசையில் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்திருந்தேன், அப்படி வரவில்லை. அவன் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஆறு ஆணிகளையும் பின்னோக்கித் திருக ஆரம்பித்தான். கொஞ்சம் திருகுவான், மீட்டுவான், என் முகத்தைப் பார்ப்பான். "இதுவா? இதுவாக்கா? இல்ல இதுவா?" எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றும் நீங்கள் வாசிப்பது போலவே இருந்தது. எதுவும் அது இல்லை. இரண்டாவது கம்பி அறுந்தது. அழுதான். இதற்கு முன் அவன் அழுதது எனக்கு ஞாபகமே இல்லை, அண்ணே, சிறு பையனாக இருந்தபோதுகூட.

அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். இனிமேல் வரிகளைச் சேர்த்து வாசிக்க முடியாது. சொல்லிவிட்டேன்.

"எந்தக் கை?" என்றாள்.

"இடது."

"சோத்துக் கை இல்லையே" என்றாள். திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள். சோறு பாதி வெந்திருந்தது.

ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முதலில் அதைத்தான் எழுதினேன். 'கேட்டான், அண்ணே.' கையெழுத்தும் போட்டேன். உறையும் ஒட்டினேன். மூன்று மாதமாகப் பொய்யில் எனக்கு நல்ல பழக்கம். அதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாக மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவீர்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு இன்னொரு மூன்று. சரியாக எழுதிய, நேரான வரிகளில் கடிதங்கள் வரும். தாள் நகராமலிருக்க ஏதாவது கனமான பொருளை மேலே வைக்கப் பழகியிருப்பீர்கள்.

உறையைக் கிழித்துவிட்டேன்.

அவன் கேட்கவில்லை. அது போய்விட்டது. நீங்கள் கொடுத்து அனுப்பியது வந்து சேரவில்லை. வேறு ஆள் கையில் கொடுத்து அனுப்பக்கூடியதும் இல்லை அது. அதைத் தெரிந்த ஒரே ஆள், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

நீங்கள் வாசிக்க வேண்டாம். மருது திருகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பானால் முகம் சுளியுங்கள். முகம் சுளிப்பது வாயால் சொல்வதில் சேராது என்று நினைக்கிறேன். சேரும் என்றால் அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும். கியோனியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இதைச் செய்தால் போட்டியில் ஜெயிப்பீர்கள் என்று சொல்லவில்லை. போகவே முடியாமலும் போகலாம். உங்கள் கையை முதலில் பார்க்கும்போது நாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்றும் தெரியாது. அம்மா ஏதாவது சொல்லிவிடுவாள். மருது கண்ணை வேறு பக்கம் திருப்புவான். நான் எதையாவது படித்துக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொள்வேன். அதற்கு நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கும் பயம்தான். முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இரண்டாம் நாளும்.

மருது இரண்டு வரி எழுதச் சொன்னான். "அண்ணே, வாங்க. பாடாம உக்காந்திருக்கேன்."

கையெழுத்துப் போடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

மங்களம்


மங்களம் கடிதத்தைப் பெரிய தபால் நிலையத்தில் பதிவு செய்தாள். பதினொரு மணி வகுப்புக்குப் போகவில்லை. கப்பல் நிறுவன அலுவலகத்துக்கு நடந்து போய், தாவாவிலிருந்து வரும் கப்பல்களின் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அக்டோபரில் இரண்டு. நவம்பரில் ஒன்று.